ஆமை தின்னாத ஊரின் முன்னேற்றம்

றாஹிலாவுக்குக் குவைத்துக்குப் போக விருப்பமில்லை. அவளுடைய கதையை இந்த ஒரு வரியிலேயே சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடித்தால் ஆமைகள் கோபித்துக்கொள்ளும். அவைதான் அவளைக் கொஞ்சக் காலம் ஊரில் பிடித்து வைத்திருந்தவை.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி, காரைதீவையும் நிந்தவூரையும் தாண்டி இறங்கி, கடலைப் பார்த்து மணல் ஒழுங்கையில் நடந்தால் கொக்கட்டிமுனை வரும். ஒரு பள்ளிவாசல், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு தேத்தண்ணிக் கடை, எண்ணிக்கை தெரியாத நாய்கள். றாஹிலாவின் வாப்பா முகைதீன்பாவா அங்கே கரைவலை இழுக்கிறவர். சூறாவளி அடித்த அன்றைக்கு வளவுத் தென்னை ஒன்று முதலில் வீட்டுக் கூரையில் விழுந்து, பிறகு அவருடைய இடுப்பில் சாய்ந்தது. இடுப்பு ஒருமாதிரிப் பொருந்திக்கொண்டது. ஒரு பொல்லை ஊன்றிக்கொண்டு இன்னும் வலைக்குப் போனார். கூரைதான் பொருந்தவில்லை.

அந்தப் பக்கத்தில் பெண்ணைக் கொடுப்பதென்றால் வீட்டோடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வர வீடில்லை என்றால் மாப்பிள்ளை எங்கே வருவார்? றாஹிலாவின் உம்மா நஸீறா வீடு வீடாக விற்கும் இடியப்பத்தைப் பிழிந்துகொண்டே இந்தக் கணக்கை ஒரே மூச்சில் சொல்லுவாள்.

"ஊடு இல்லாட்டி மாப்புள இல்ல. குவைத்துக்குப் போகாட்டி ஊடு இல்ல. மறுகா என்ன கா கத கெடக்கு?"

மூத்தவள் சரீபா அந்தக் கணக்கின்படி ஏற்கெனவே போயிருந்தாள். காகிதம் எழுத அவளுக்கு வராது. கசெற்றில் கதைத்து அனுப்புவாள். "உம்மா, நான் நல்லா இரிக்கன் உம்மா. இஞ்ச ஒரு குறையும் இல்ல. ஊட்டுக்காரி நல்ல பொம்புள." அந்த இடத்தில் பின்னாலிருந்து அறபியில் ஒரு கூப்பாடு கேட்கும். டக் என்று பதிவை நிறுத்தும் ஒரு சத்தம். மீண்டும் சரீபாவின் குரல் வரும், மூக்கடைத்துப்போய், கொஞ்சம் தடித்து: "மறுகா, வாப்பாட இடுப்பு எப்படி?" உம்மா கசெற்றில் இருந்த சொற்களைக் கேட்டாள். றாஹிலா அந்த டக் என்ற சத்தங்களைக் கேட்டாள். கசெற்றின் ஒரு பக்கத்திலேயே அவை நிறைய இருந்தன.

ஆகவே கல்முனையில் கரையோரச் சுற்றாடல் கல்விச் சங்கம் என்று ஒன்று ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும், ஓலெவல் சோதனையில் இங்கிலீசுக்குத் திறமைச் சித்தி வாங்கிய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் ஓடினாள். சங்கம் என்பது சீலைக்கடை ஒன்றின் மேல்மாடியில் ஓர் அறை. ஒரு டைப்ரைட்டர், ஒரு சுவர்ப்படம், ஒரு கனகசபாபதி சேர். காரைதீவில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் முடிவில் "விளங்குதா" என்று ஒரு ஆணி அடிப்பார்.

"பிள்ள, வெளிநாட்டுச் சங்கம் ஒண்டு காசு தருது. கொழும்புக் கந்தோரால வரும். விளங்குதா? கடலாமையக் காப்பாத்தணும். ஆமையத் தின்னக் கூடாது, முட்டையத் தோண்டக் கூடாது எண்டு பள்ளிக்கூடத்தில பாடம் எடுக்கணும். மூணு மாசத்துக்கு ஒருக்கா முன்னேற்ற அறிக்கை எழுதணும், இங்கிலீசில. செய்வியா?"

"செய்வன் சேர்."

"எந்த ஊரில எடுக்கப் போறாய்?"

"எங்கட ஊரிலதான் சேர். வேற ஊருக்கு உம்மா உடமாட்டா."

சேர் சுவர்ப்பக்கம் திரும்பினார். சுவர்ப்படத்தில் கொக்கட்டிமுனை இருக்கவேண்டிய இடத்தைத் தேடினார். அது அதில் இல்லை. "சரி" என்றார்.

வீட்டில் உம்மாவும் சரி என்றாள், ஒரு நிபந்தனையோடு. "ஆமக் காசு வாற வரைக்கும் நில்லு. கொஞ்சம் கொஞ்சமாச் செவரு எழுப்புவம். நிண்டுதெண்டா அடுத்த பிளேன். சொல்லிட்டன்."

பாடம் தொடங்கியது. காட்போட் மட்டையில் வெட்டிப் பச்சை மை பூசிய ஆமை ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு றாஹிலா பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பில் நின்றாள்.

"பிள்ளைகளே, நாங்கள் ஆமையைச் சாப்பிடக்கூடாது."

"ஆர் டீச்சர் திங்கிற?" என்றாள் முன்வாங்கில் ஒருத்தி.

"ஆரும் திங்கக் கூடாது எண்டு சொல்றன்."

"அதான் டீச்சர். ஆரும் திங்கிறல்லயே. ஆம ஹறாம்தானே."

"ஓம். முட்டையையும் தோண்டக் கூடாது."

"முட்டய நாய்தான் டீச்சர் தோண்டித் திங்கிது. நாய்க்கும் ஒருக்காப் பாடம் எடுங்களன்."

வகுப்பு முழுவதும் குரைத்தது. அடுத்த வகுப்பு மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரிப்பை அடக்கிக்கொண்டு றாஹிலா ஆமையின் ஆயுளையும் அது நீந்தும் தூரத்தையும் சொல்லி ஒருமாதிரிக் கரைசேர்ந்தாள்.

மூன்று மாதம் முடிய முதலாவது அறிக்கை. கொழும்பிலிருந்து வந்த தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன. பாடத்துக்கு முன்பு ஆமை தின்ற குடும்பங்கள் எத்தனை? பாடத்துக்குப் பின்பு எத்தனை? அவள் முதற் கட்டத்தில் பூச்சியம் போட்டாள். இரண்டாவதிலும் பூச்சியம் போட்டாள். வேறு குறிப்புகள் என்ற இடத்தில் நாய்களைப் பற்றி நல்ல இங்கிலீசில் ஒரு பந்தி எழுதினாள். எங்கள் ஊர் எவ்வளவு துப்புரவான ஊர் என்று அவளுக்கே ஒரு பெருமை வந்தது.

கொழும்பிலிருந்து பதில் வந்தது. முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. அடுத்த அறிக்கையும் இவ்வாறாயின் நிதி நிறுத்தப்படும்.

"சேர், எங்கட ஊரில ஆரும் திங்கிறல்ல. அத எழுதினது பிழயா?"

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ள, முன்னேற்றம் எண்டா என்ன? முதல் ஒரு இடத்தில நிக்கணும். பிறகு இன்னொரு இடத்துக்கு வரணும். உங்கட ஊர் முதலும் பூச்சியம், பிறகும் பூச்சியம். அந்த இடத்திலயே நிக்குது. விளங்குதா?"

"நல்ல இடத்திலதானே சேர் நிக்கிது."

"நல்லா இருக்கிற ஊருக்கு ஆர் பிள்ள காசு தருவான்? திருந்துற ஊருக்குத்தான் தருவான்."

அவர் அவளைப் பொய் எழுதச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் மனிதரும் இல்லை. அடுத்த தவணையில் அறிக்கை எழுதும் நாள் வந்தபோது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போலக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். மேலே காற்றாடி சுற்றியது. கீழே சீலைக்கடையில் யாரோ விலை பேசினார்கள். றாஹிலா தாளை டைப்ரைட்டரில் செருகினாள். முதற் கட்டத்தில் அறுபது குடும்பம் என்று அடித்தாள். இரண்டாவதில் நாற்பத்தைந்து. அறுபதும் அவள் விரல்களிலிருந்து வந்தன. ஊரிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. யாருக்கு என்ன நட்டம்? தாள் கடல் கடந்து போகிறது. ஊரில் அந்த இங்கிலீசை வாசிக்க ஆளில்லை.

ஆனால் அத்தோடு தாள் விடவில்லை. திருந்திய ஒருவருடைய பெயரும் அவர் சொன்ன வார்த்தையும் வேண்டுமாம். அங்கேதான் அவள் விரல் நின்றது. யாருடைய பெயரைப் போடுவது? செய்யாத ஒன்றை ஒருவர் தலையில் கட்டினால், நாளை மறுமையில் அவர் வந்து சட்டையைப் பிடிப்பார். அப்படிச் சட்டையைப் பிடிக்கமாட்டாத ஒரே ஒருவர்தான் இருந்தார். வாப்பாவின் பெயர் வீட்டுச் சாமான் மாதிரி. கேட்காமல் எடுத்தாலும் களவாகாது என்று நினைத்தாள். மீனவர் முகைதீன்பாவா: நான் முன்பு ஆமை தின்றேன், பாடம் கேட்ட பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

கொழும்பு மகிழ்ந்தது. நிதி வந்தது.

அதற்குப் பிறகு தவணைக்குத் தவணை ஊர் திருந்திக்கொண்டே போயிற்று. நாற்பத்தைந்து முப்பதாயிற்று, முப்பது இருபத்தெட்டாயிற்று. எல்லாரும் ஒரேயடியாகத் திருந்திவிட்டால் பிறகு எழுத ஒன்றுமிராது என்று றாஹிலா கடைசிக் குடும்பங்களைக் கொஞ்சம் இழுத்தடித்தாள். அந்த இருபத்தெட்டுக் குடும்பங்களும் பொல்லாத பிடிவாதக்காரர்களாக இருந்தன. இந்தப் பக்கம் வீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. உம்மா குவைத்துப் பேச்சை எடுப்பதில்லை. ஒருநாள் புதுச் சுவரில் கையை வைத்து, அல்லாஹ்வின் அருளை மெச்சுகிறவள்போல, "ஆமையும் பறக்கத்துள்ள சாமான்தான் போல" என்றாள்.

பிறகு துரைச்சாணி வந்தாள்.

காசு தரும் சங்கத்தின் வெள்ளைக்கார அம்மையார் நேரில் வந்து ஊரைப் பார்க்கப் போகிறார் என்று தந்தி வந்தபோது, கனகசபாபதி சேருக்கும் வேர்த்தது, றாஹிலாவுக்கும் வேர்த்தது, ஆளுக்கு வேறு வேறு காரணத்துக்காக. ஊருக்கு வேர்க்கவில்லை, ஊர் குளித்து, சலவைச் சாரம் உடுத்தி, தொப்பி போட்டு, பள்ளிக்கூட முற்றத்தில் பந்தல் கட்டிக் காத்திருந்தது. பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார் முகம்மது தம்பி முன்வரிசை நடுக்கதிரையில். வட்டிலப்பம் ஒரு தாச்சி. துரைச்சாணி வெயிலில் சிவந்துபோய், எல்லாரையும் பார்த்து ஓயாமல் சிரித்தாள். மொழிபெயர்க்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவருடைய தொண்டைக்குள் ஒரு வானொலி இருந்தது.

"அன்பார்ந்த கொக்கட்டிமுனைப் பெருமக்களே. தாங்கள் நெடுங்காலமாக ஆமை இறைச்சியைப் புசித்து வந்துள்ளீர்கள்."

மரைக்கார் பக்கத்துக் கதிரைப் பக்கம் குனிந்தார். "என்னத்தயாம் வந்த?"

"புசிச்சு வந்தாம்."

"புசிச்ச எண்டா?"

பக்கத்துக் கதிரைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "திண்ட எண்டு நினைக்கன் மரைக்கார்."

"ஆரு?"

"நாமதான்."

வானொலி நிற்கவில்லை. "இன்று அத்தீய வழக்கத்தினின்றும் மீண்டு வருகிறீர்கள். இன்னும் மீளாத சில குடும்பங்களும் விரைவில் மீளும் என அம்மையார் நம்புகிறார். குறிப்பாக, இப்பழக்கத்தைத் துணிந்து கைவிட்ட மீனவர் முகைதீன்பாவா அவர்களை அம்மையார் காண விழைகிறார். அவர் சமுகமளித்திருக்கிறாரா?"

பந்தலுக்குள் வட்டிலப்பத்தில் மொய்த்த ஈயின் சத்தம் கேட்டது. எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பியது. வாப்பா வேலியோரம், பூவரசில் சாய்ந்து, பொல்லை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். அவர் யாரையும் பார்க்கவில்லை, மகளை மட்டும் பார்த்தார். றாஹிலாவின் முகத்தில் என்ன இருந்ததோ, அதை அவர் வாசித்து முடித்தார். பள்ளிக்கூடம் போகாத மனிதர்.

"தாங்கள் ஆமை புசித்தது உண்மைதானே?"

"ஓம்" என்றார் வாப்பா. "திண்டன்."

"இப்பொழுது?"

"இப்ப இல்ல."

துரைச்சாணி ஓடிப்போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். பொல்லு விழுந்தது. படம் எடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் மணல் ஒழுங்கையில் பாதி வழியில் அவள் கேட்டாள்.

"ஏன் வாப்பா அப்பிடிச் சொன்ன?"

"நீ எழுதியிரிக்காய்தானே."

"நான் பொய் எழுதின வாப்பா."

"தெரியும்." அவர் நின்று இடுப்பைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். "நீ குவைத்துக்குப் போறத்த உட எனக்கு ஆம திங்கிற லேசி மகள்."

லேசாகத்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள். நினைத்தது அன்று அஸர்த் தொழுகை வரைக்கும்தான்.

அந்த வாரத்துக்குள் கதை நிந்தவூருக்குப் போய்த் திரும்பி வந்தது. பஸ் கொண்டக்டர் சந்தியில் மணியடித்து, "ஆமமுனை எல்லாம் எறங்குங்க" என்றான். அந்தத் துரைச்சாணி சொன்ன மீளாத குடும்பங்கள் யார் யார் என்று ஊருக்குள்ளே ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள். யாரென்று தெரியாத அந்த இருபத்தெட்டுக்கும் சேர்த்து, தெரிந்த ஒருவர்மேல் எல்லாம் இறங்கியது.

கரைவலையில் கயிறு பிடித்தவர்கள், "பாவா, வல கனக்கிது. உனக்கு ஒண்டு பட்டிரிக்கி போல" என்றார்கள். வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். மறுநாளும் அதையே சொன்னார்கள். மறுநாளும் சிரித்தார். பள்ளியில் தொழுகை நடத்தும் லெவ்வை அவரை அழைத்து, பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்யச் சொன்னபோது, எத்தனை தரம் தின்றாய் என்று கேட்டார். வாப்பா இதை யோசித்து வைத்திருக்கவில்லை. "ரெண்டு மூணு இரிக்கும்" என்றார். "ரெண்டா, மூணா?" "மூண்டு எண்டு வைங்க." தின்னாத மூன்று ஆமைக்காக அவர் கண்ணீர்விட்டுத் தௌபா செய்தார். தொழுகையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர் அடுத்த வக்தில் வேறு இடத்தில் நின்றார்.

அதைக்கூடத் தாங்கியிருக்கலாம். ஆனால் ஆண்பிள்ளை ஆமை தின்றான் என்றால் ஆக்கியது யார்?

குழாயடியில் பெண்கள் நஸீறாவுக்கு வழிவிட்டு நின்றார்கள், மரியாதைக்கு நிற்பதுபோல.

"நஸீறா, என்ன கா போட்டு ஆக்கின? மாங்கா போட்டா?"

"முருங்கக்கா போட்டிருப்பா. கவுச்சி அமத்துமே."

"ஆம ஓட்ட என்ன கா செய்த? தொட்டில் கட்டினயா?"

நஸீறா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். குழாயடிப் பேச்சுக்குத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதவளல்ல; ஆனால் அன்றைக்கு அவளுடைய இடியப்பத் தட்டு விடியற்காலையில் போனபடியே திரும்பி வந்திருந்தது. மறுநாளும் வந்தது. அந்தச் சட்டியில் என்னென்ன ஆக்கினாளோ என்று வீடு வீடாகச் சொன்னார்களாம். அவள் பானை சட்டி எல்லாவற்றையும் முற்றத்தில் போட்டு, மணலும் சாம்பலும் வைத்து, வெயில் ஏறும்வரை தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க, பார்த்தவர்களுக்குச் சந்தேகம் உறுதியானது.

ஒரு மாலை மரைக்கார் வந்து வாசல் கடப்படியில் நின்று கனைத்தார். உம்மாவும் றாஹிலாவும் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றார்கள். அவர் திரையோடு கதைத்தார். கோபமாகக் கதைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். நோயாளியோடு கதைப்பதுபோல மெதுவாகக் கதைத்தார்.

"மகள், எழுத்தால வந்தது எழுத்தாலதான் போகணும். உன்ட வாப்பா திண்டது அவன்ட பாடு. ஊர் திண்ட எண்டு எழுதினது ஆரு? ஊர் திங்கல்ல எண்டு எழுது. தமிழிலயும் ஒண்டு எனக்கிட்டத் தா. ஜும்ஆவில வாசிக்கன்."

அவர் போன பிறகு உம்மா திரையை விலக்காமல் அங்கேயே நின்றாள்.

"எழுதினா வேல போகும் உம்மா" என்றாள் றாஹிலா.

"போகட்டும்."

"வேல போனா..."

உம்மா திரையின் ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "போகட்டும் புள்ள" என்றாள் இன்னொரு தரம். இந்தமுறை சத்தமே வரவில்லை.

கல்முனையில் கனகசபாபதி சேர் கதை முழுவதையும் கேட்டார். ஒரு இடத்திலும் விளங்குதா என்று கேட்கவில்லை. எழும்பிப்போய்ச் சுவர்ப்படத்துக்கு முன்னால் நின்றார்.

"ஊர்ப் பேரை மாத்திப் போட்டா என்ன பிள்ள? தட்டச்சில பிழை எண்டு சொல்லலாம்."

"எந்த ஊரப் போடுற சேர்?"

அவருடைய விரல் கரையோரமாகத் தெற்கே இறங்கியது, வடக்கே ஏறியது. பாணமைவரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "எதைப் போட்டாலும் அங்கயும் ஒரு பள்ளி இருக்கும். இல்லாட்டி ஒரு கோயில் இருக்கும்" என்று கதிரையில் வந்து இருந்தார். "எழுதம்மா. உள்ளதை எழுது."

அவள் அடித்தாள். பாடத்துக்கு முன்பு ஆமை தின்ற குடும்பங்கள், இல்லை. பின்பு, இல்லை. முன்பு அனுப்பிய எண்கள் யாவும் என்னால் புனையப்பட்டவை. மீனவர் முகைதீன்பாவா என் தந்தை. அவர் ஒருபோதும் ஆமை தின்றதில்லை. எனக்காகச் சொன்னார். முன்னேற்றம் என்ற இடத்தில் எதுவுமில்லை என்று அடித்தாள். நாய்களைப் பற்றி இந்தமுறை ஒன்றும் எழுதவில்லை. சேர் கையெழுத்துப் போட்டார். பேனையை மூடாமல் வெகுநேரம் வைத்திருந்தார். அவருடைய சங்கமும் அந்தத் தாளோடுதான் போகிறது.

தமிழில் எழுதியதை மரைக்கார் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய வாசித்தார். ஊர் திங்கவில்லை என்ற பகுதிக்குப் பள்ளி முழுவதும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னது. முகைதீன்பாவா திங்கவில்லை என்ற பகுதி வந்தபோது ஒரு சின்ன முணுமுணுப்பு எழுந்தது. கோபமான முணுமுணுப்பு அல்ல. அன்பானது.

மாலையில் மரைக்கார் வீட்டுக்கு வந்து, திரைக்கு வெளியே நின்று சொன்னார். "நல்ல புள்ள நீ. வாப்பாட மானத்தக் காப்பாத்த எழுதியிரிக்காய். அந்தப் பொய்ய அல்லாஹ் மன்னிப்பான்."

"பொய் இல்ல மரைக்கார் மாமா. மெய்."

"ஓம் மகள், ஓம்."

"வாப்பா திங்கல்ல மாமா."

"ஓம் மகள். ஊருக்கு முன்னுக்கு அவனே சொன்னான். தௌபாவும் செய்தான். திங்காததுக்கு எவன் தௌபா செய்வான்? நீ அழாத. நாங்க மறந்திருவம்."

வெளியே போய்ச் செருப்பைப் போடும்போது வாப்பாவின் தோளில் தட்டி, "இப்பிடி ஒரு மகள் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் பாவா" என்றார். வாப்பா தலையாட்டினார். திண்டன் என்றதை நம்பிய ஊர், திங்கல்ல என்றதைப் பாசத்தோடு கேட்டுக்கொண்டது.

கொழும்பிலிருந்து ஒரே ஒரு பந்தி வந்தது. நிதி நிறுத்தப்படுகிறது. சீலைக்கடைக்காரர் மேலறையில் துணி மூட்டை அடுக்கினார். இடியப்பத் தட்டிலிருந்து நாளுக்கு ஒரு அடுக்குக்கூடக் குறையவில்லை. உம்மா காலையில் பிழிவதை நிறுத்தினாள். சுவர் ஜன்னல் மட்டத்திலேயே நின்றது. மாரி வந்ததும் அதன் மேல் பாசி பிடித்தது. குவைத்து என்ற சொல்லை யாரும் வீட்டில் உச்சரிக்கவில்லை. அது தேவைப்படவில்லை. ஒருநாள் காலையில் றாஹிலா தானாகவே நல்ல சேலையை உடுத்தாள். வாப்பா வாசலில் வலைக்கண்ணியைப் பின்னிக்கொண்டிருந்தார். அவள் செருப்பைப் போட்டபோது ஒருதரம் நிமிர்ந்தார். "சுணங்காம வா" என்றார்.

ஏஜென்சிக்காரருக்குக் கல்முனைச் சந்தைக்குப் பின்னால் ஒரு மேசை இருந்தது. உம்மா அவள் பக்கத்தில் இருந்தாள். அவர் ஒரு தாளை இழுத்து வைத்து, நிமிராமலே கேட்டார்.

"முந்தி என்ன வேல செய்த?"

"பாடம் எடுத்த. அறிக்கை எழுதின."

"அதெல்லாம் இதில போடுறல்ல. ஊட்டு வேல தெரியும்தானே?"

"தெரியும்."

"இங்கிலீசு?"

"கதைப்பன். எழுதுவன்."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கெட்டவரில்லை, ஒரு புத்தி சொல்லும் முகத்தோடு பார்த்தார். "தங்கச்சி, அதச் சொல்லாத. எழுத வாசிக்கத் தெரிஞ்ச ஆள அந்த ஊட்டுக்காரிகள் எடுக்கமாட்டாளுகள். காகிதம் எழுதுவா, முறைப்பாடு செய்வா எண்டு பயம். தெரியா எண்டு போடுறன். என்ன?"

றாஹிலா உம்மாவைப் பார்த்தாள். உம்மா மேசைக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்க."

பேனையை அவளிடம் நீட்ட எடுத்தவர், நினைப்பு வந்ததுபோல அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மேசை லாச்சியிலிருந்து ஊதா மைப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தார். றாஹிலா பெருவிரலை மையில் தொட்டு, அவர் காட்டிய இடத்தில் வைத்தாள்.

அவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வடிவா விழல்ல தங்கச்சி. இன்னொருக்கா வை. நல்லா அமத்து."